ஸ்மார்ட் போர்டு வாங்கும் முன் ஆரம்ப இருப்பைப் பார்ப்போம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கல்வி உதவித் திட்டம் பற்றிய வாக்கெடுப்புக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்.)



லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் பற்றிய பேச்சே ஒரு மணி நேரம் ஓடிவிட்டதால், எனக்கு 20 நிமிடம்தான் என்று செயலாளர் காதில் சொல்லிவிட்டார். கவுன்டரில் உட்கார்ந்து டோக்கன் பார்த்து ஆளை அனுப்பிப் பழகியவன் நான். நேரத்துக்குள் முடித்துவிடுவேன்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். நம் குடியிருப்புக்குப் பின்பக்கம் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு இந்த ஆண்டு சங்கத்தின் சார்பில் ஏதாவது செய்வது என்று போன கூட்டத்தில் முடிவானது. ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுக்கலாம் என்பது ஒரு யோசனை. கொட்டேஷனும் வந்துவிட்டது. பொருத்தும் கூலி உட்பட 1,40,000 ரூபாய். இன்று கையைத் தூக்கி ஓட்டுப் போடப் போகிறோம். அதற்கு முன் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பணத்தை வேறு விதமாகச் செலவழித்தால் அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம் போய்ச் சேரும்.

வயதானவர்களுக்குப் புதிய தொழில்நுட்பம் என்றாலே ஆகாது என்று ஏ பிளாக் தம்பி ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார். தம்பி, நான் வங்கியில் சேர்ந்தபோது லெட்ஜர் ஒவ்வொன்றும் தலையணை கனம் இருக்கும். 1984-ல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை கொடுத்த பிறகு ஒவ்வொரு கிளையாக லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தது, பிறகு கம்ப்யூட்டர், பிறகு கோர் பேங்கிங். ராத்திரி 10 மணி வரை உட்கார்ந்து வட்டி கணக்குப் போட்ட வேலையை மெஷின் சில நிமிடத்தில் முடித்ததை என் கண்ணால் பார்த்தவன். மெஷின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். ஏ.டி.எம். வந்த புதிதில் முதியோர் பென்ஷன் வாங்கும் பாட்டிமார்களுக்குக் கார்டு கொடுத்தோம். கண்ணாடிக் கதவுக்குள் போகவே பயந்தார்கள். கார்டோடு ஒரு கையேடும் கொடுத்தோம். அதை யாரும் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. கடைசியில் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி. "கார்டை இப்படிச் சொருகு தாயி. நம்பரை நீயே அழுத்து, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்பார். நாலு மாதத்தில் பாதிப் பேர் தனியாக வர ஆரம்பித்துவிட்டார்கள். மெஷின் வேலை செய்ததற்குப் பாதிக் காரணம் அந்த ஸ்டூல்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். வகுப்பறையில் புது முறை என்பது இன்று நேற்று வந்ததல்ல. 1789-ல் சென்னை எழும்பூரில் ஆண் குழந்தைகளுக்கான அநாதை இல்லத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார் பொறுப்பேற்றார். நம் ஊர்த் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தன் இல்லத்துக்குக் கொண்டுபோனார்; பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் அதோடு சேர்த்தார். தாளும் பேனாவும் விலை அதிகமாக இருந்த காலத்தில் மணல்தான் அவருடைய ஸ்மார்ட் போர்டு. 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. நம் திண்ணையில் நடந்ததை நமக்கே ஆங்கிலேயர் பெயர் வைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று; அது போகட்டும்.

நம் காலத்துக்கு வந்தால், தமிழ்நாட்டில் நடந்த பெரிய மாற்றம் செயல்வழிக் கற்றல். 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலி பள்ளியைச் சேர்ந்தவர்கள் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய அட்டை முறைதான் இதற்கு முன்மாதிரி. 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. இங்கே உட்கார்ந்திருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை அம்மாக்கள் அதை நடத்தியிருப்பீர்கள். தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்.

அந்த வகுப்பறை எப்படி இருந்தது? பெஞ்சு கிடையாது, பாய்தான். சுவரின் அடிப்பகுதியில், பிள்ளை உட்கார்ந்தபடியே எழுதும் உயரத்தில் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு. தலைக்கு மேல் கம்பிப் பந்தல்; வரைந்ததை, எழுதியதை அதில் தொங்கவிடலாம். பாடம் முழுவதும் சின்னச் சின்ன அட்டைகளாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படச் சின்னம். சுவரில் ஏணிப்படி என்று ஒரு பெரிய அட்டவணை. பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, அந்தச் சின்னம் உள்ள தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும். சில படிகளுக்கு டீச்சர் பக்கத்தில் உட்காருவார், சிலவற்றுக்குக் கூடப் படிக்கும் பிள்ளை போதும், சிலவற்றைத் தனியாகவே செய்ய வேண்டும். ஒன்றாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே அறையில் கலந்து இருக்கும்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்த பிள்ளை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்து ஏறும். வகுப்பு எங்கோ போய்விட்டது, நான் மட்டும் இங்கே நிற்கிறேன் என்ற நிலை அந்தப் பிள்ளைக்கு வராது. நம் தர்மபுரி மாவட்டத்துக்கு இது எவ்வளவு முக்கியம் என்று யோசியுங்கள். அரூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கம் எத்தனை குடும்பங்கள் கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனி வேலைக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகின்றன. பிள்ளை சில மாதம் கூடப் போகும், சில மாதம் பாட்டியிடம் இருக்கும். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பாடம் இருக்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. மாநில சராசரி 80-ஐத் தாண்டியிருந்தது.

செயல்வழிக் கற்றல் ஏன் அப்படியே நிலைக்கவில்லை? பெற்றோர்கள், "புத்தகம் இல்லை, வீட்டுப் பாடம் இல்லை, பாயில் உட்கார்ந்து விளையாடுகிறார்கள்" என்றார்கள். ஆசிரியர்களுக்கு ஒவ்வொரு பிள்ளையின் படியையும் குறித்து வைக்கும் வேலை கழுத்தை நெரித்தது. கிழிந்த அட்டை கிழிந்தபடியே இருந்தது. என்னைக் கேட்டால், முறையில் பெரிய பழுது இல்லை. அது கேட்ட ஆள் பலமும் பொறுமையும்தான் எல்லாப் பள்ளிக்கும் கிடைக்கவில்லை.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2011-ல் இலவச மடிக்கணினி. 2018 முதல் பாடப் புத்தகத்திலேயே கியூ.ஆர். கோடு; போனைக் காட்டினால் பாடம் வீடியோவாக ஓடும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. இவற்றில் கியூ.ஆர். கோடு அருமையான யோசனைதான். ஆனால் நம் பின்பக்கத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் போன் ஒன்றுதான். அது காலையிலேயே அப்பாவின் சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடும். ராத்திரி அது திரும்பி வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும்.

அடுத்து கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில், ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திரும்ப உள்ளே போனார்கள். 19 மாதம். நம் வீட்டுப் பேரப் பிள்ளைகள் லேப்டாப்பில் வகுப்பு கவனித்தார்கள், கவனிப்பது போல் நடிக்கவும் செய்தார்கள். தேர்தல் வந்தபோது வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றி அனுப்பிய கோட்டூர் மலை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே ஆன்லைன் வகுப்பு என்றால் என்ன அர்த்தம்?

இனி வருவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், என் வாதத்துக்கு இதுதான் ஆதாரம். கர்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரீசியோ ரொமேரோ என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ச் சோதித்தார்கள். கொரோனாவுக்கு முன்பே அதே கிராமங்களில் அளந்து வைத்த கணக்கு அவர்களிடம் இருந்தது. 2021 டிசம்பரில் பார்த்தபோது பிள்ளைகள் முன்பு அதே வயதில் இருந்தவர்களை விட வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். தமிழை விடக் கணக்கில் மோசம். பள்ளி திறந்து ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அந்த மீட்பில் ஏறக்குறைய கால் பங்குக்குக் காரணம் 'இல்லம் தேடிக் கல்வி' என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

இல்லம் தேடிக் கல்வி உங்களுக்கு நினைவிருக்கும். 2021 அக்டோபர் 27-ஆம் தேதி மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். மாலையில் ஒன்றரை மணி நேரம். தெருவிலேயே படித்த ஒரு பெண், அவரைச் சுற்றி சுமார் 20 பிள்ளைகள். கோயில் மண்டபம், வீட்டுத் திண்ணை, மரத்தடி, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. கேக்கவே சாதாரணமாக இருக்கிறதல்லவா? அதில் போர்டு கிடையாது, புரொஜெக்டர் கிடையாது. பக்கத்தில் உட்கார ஓர் அக்கா இருந்தாள். பெரும்பாலான பிள்ளைகள் "அக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

அப்படியானால் மெஷின் வேண்டவே வேண்டாமா என்று கேட்பீர்கள். அங்கேதான் நான் படித்த பி.காம். உதவிக்கு வருகிறது. எந்தக் கணக்கை எழுதுவதானாலும் முதல் வரி ஆரம்ப இருப்பு. அது தெரியாமல் வரவும் செலவும் எழுதினால், கடைசியில் கூட்டல் எவ்வளவு அழகாக இருந்தாலும் கணக்கு தப்பு. வகுப்பறையில் நாம் செய்வது அதுதான். நாலாம் வகுப்பு என்றால் எல்லாருக்கும் ஆரம்ப இருப்பு மூன்றாம் வகுப்புப் பாடம் என்று நாமாக எழுதிக்கொள்கிறோம்.

நம் கேட்டுக்கு வெளியே இஸ்திரி வண்டி போட்டிருக்கும் குடும்பத்தின் பெண் பிள்ளை, பெயர் வேண்டாம், நாலாம் வகுப்பு. மாலையில் கிளப் ஹவுஸ் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. என் டேப்லெட்டில் மழை எப்படிப் பெய்கிறது என்ற பாட வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கண் கொட்டாமல் பார்த்தாள். கேட்டதற்கு, கடல் தண்ணீர் ஆவியாகி மேகமாகி என்று கடகடவென்று ஒப்பித்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். சரி, நீ எழுதிய நோட்டில் இந்த வரியைப் படி என்றேன். பேச்சு நின்றுவிட்டது. விரல் எழுத்தின் மேல் இருக்கிறது, வாயிலிருந்து சத்தம் வரவில்லை. 'மழை' என்ற சொல்லை அவளால் படிக்க முடியவில்லை. கரும்பலகையில் இருப்பதைக் கோலம் மாதிரிப் பார்த்து வரைந்து வந்திருக்கிறாள். இதை வீடியோ கண்டுபிடிக்கவில்லை, பரிசோதனைத் தாளும் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கேட்டால்தான் தெரிகிறது. வகுப்பு ஆசிரியைக்குத் தெரியாமலில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளியில் அவர் யாரோடு எத்தனை நிமிடம் உட்காருவார்?

இந்த ஐந்து நிமிடச் சோதனைக்கு நல்ல கருவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் 'அசர்' என்ற பெயரில் நாடு முழுவதும் கிராமங்களில் பயன்படுத்தி வரும் ஒரே ஒரு தாள். அதில் சில எழுத்துகள், சில சொற்கள், ஒன்றாம் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு குட்டிக் கதை. பிள்ளை எங்கே நிற்கிறதோ அதுவே ஆரம்ப இருப்பு. தமிழிலும் இருக்கிறது, செலவில்லை. நம் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் இதே எண்ணத்தில் வந்ததுதான். 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கினார்கள். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, நிலைக்கேற்ற பயிற்சி. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புக்கும் வந்தது.

ஆரம்ப இருப்பைப் பார்க்கத் தெரிந்த மெஷின் என்றால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன். டெல்லியில் அப்படி ஒன்றைச் சோதித்திருக்கிறார்கள். மேலே சொன்ன அதே கர்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் அலெஹான்ட்ரோ கனிமியன் என்பவரும் செய்த ஆய்வு, 2019-ல் வெளியானது. 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருள். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். பள்ளி முடிந்த பிறகு ஒரு மையத்தில் தினம் ஒன்றரை மணி நேரம். மென்பொருள் முதலில் பிள்ளையின் நிலையைப் பார்க்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலாம் வகுப்புக் கணக்குதான் வருகிறது என்றால் அங்கிருந்தே தொடங்குகிறது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஒன்றரை மணியில் பாதி நேரம்தான் கம்ப்யூட்டர்; மீதிப் பாதி ஓர் உதவியாளரோடு சிறு குழுவாக உட்கார்வது.

நிலையைப் பார்க்காமல் கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு சாட்சி. பிள்ளைக்கொரு லேப்டாப் என்று லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். 2012-ல் வந்த மதிப்பீட்டில், கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் மதிப்பெண் கூடியதற்குச் சான்று இல்லை. பணக்கார நாடுகளின் ஓ.இ.சி.டி. அமைப்பும் 2015-ல் ஏறக்குறைய அதையே சொன்னது: பள்ளிக் கணினிகளுக்கு நிறையச் செலவழித்த நாடுகளில் படிப்பு அதனால் குறிப்பிடும்படி உயரவில்லை. நம் குடியிருப்பிலேயே கற்றல் செயலிக்கு ஆயிரக்கணக்கில் சந்தா கட்டி, மூன்றாம் வாரம் முதல் பிள்ளை அதைத் திறக்கவே இல்லை என்று புலம்பிய வீடுகள் எத்தனை! பெயர் சொல்ல மாட்டேன். அதில் என் மகள் வீடும் ஒன்று.

எதிர்த் தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். பிள்ளைகள் கையில் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டால் தாங்களே கற்றுக்கொள்வார்கள் என்று சொன்னவர் சுகதா மித்ரா. 1999-ல் டெல்லி கால்காஜியில் சுவரில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டர் வைத்தவர். காளிக்குப்பம் என்ற நம் தமிழ்க் கிராமத்திலும் ஒரு சோதனை செய்தார். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள். கம்ப்யூட்டரில் இருந்ததோ உயிரித் தொழில்நுட்பப் பாடம், அதுவும் ஆங்கிலத்தில். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. தொடக்கத்தில் பூஜ்யம் வாங்கிய பிள்ளைகள் சில மாதத்தில் 30 சதவீதம் எட்டினார்கள். ஆச்சரியம்தான். அதற்கு மேல் ஏற என்ன செய்தார் தெரியுமா? அந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பழக்கமான, கணக்கு வேலை பார்க்கும் இளம்பெண் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொன்னார். அவருக்கு அந்தப் பாடம் தெரியாது. "அட, இது என்ன? எப்படிக் கண்டுபிடிச்சே? எனக்கும் சொல்லேன்" என்று பாட்டி மாதிரி வியந்துகொண்டே இருப்பதுதான் அவர் வேலை. 50 சதவீதம் வந்தது. மித்ராவின் முடிவுகளை ஏற்காத கல்வியாளர்கள் உண்டு. ஆனால் கணக்குப்பிள்ளை ஒருவர் உயிரியலில் 20 சதவீதம் ஏற்றிக்காட்டினார் என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

நம் மாவட்டத்திலேயே கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்லிங்கி பள்ளத்தாக்கில் 'துளிர்' என்று ஒரு கல்வி மையம் இருக்கிறது. கட்டடக் கலை படித்த ஒரு தம்பதி தொடங்கியது. மலைவாழ் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பாக ஆரம்பித்து, பள்ளியை விட்டுவிட்ட இளைஞர்களுக்குக் கைத்தொழிலோடு சேர்ந்த பயிற்சி வரைக்கும் போனது. புதுக் கற்பித்தல் முறை என்று சென்னைக்குப் போய்த் தேட வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

இனி நம் ஓட்டுக்கு வருவோம். போன வாரம் தலைமை ஆசிரியை அம்மாவைப் பார்த்துப் பேசினேன். நாம் முதலில் செய்திருக்க வேண்டிய காரியம் அது, கொட்டேஷன் இரண்டாவது. அரசே ஆயிரக்கணக்கான தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறை அமைத்து வருகிறது, 2024-ல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினியும் கொடுத்திருக்கிறது. பெரிய திரை தங்கள் பள்ளிக்கும் வரும் என்றார். "வேறு என்ன வேண்டும் மேடம்?" என்று கேட்டேன். நாலு, ஐந்தாம் வகுப்பில் படிக்கத் திணறும் பிள்ளைகளோடு சாயங்காலம் உட்கார ஆள் வேண்டும் சார், என்றார். யோசிக்கக்கூட இல்லை, உடனே சொன்னார்.

நான் போட்டிருக்கும் கணக்கு இது. பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பெண் ஒருவருக்கு மாதம் 7,000 வீதம் 10 மாதத்துக்கு 70,000. வாரம் நாலு நாள், சுண்டலோ வேர்க்கடலையோ, நாளுக்கு 150 ரூபாய், 160 நாளுக்கு 24,000. பசியோடு இருக்கும் பிள்ளைக்கு எந்தத் தொழில்நுட்பமும் ஏறாது, அதனால் இதில் யாரும் கை வைக்க வேண்டாம். பாய், சிலேட்டு, கதைப் புத்தகங்கள் 16,000. மொத்தம் 1,10,000. மீதி 30,000 வங்கியிலேயே இருக்கட்டும். ஐந்தாம் மாதம் அதே ஒற்றைத் தாளை வைத்து மறுபடி பார்ப்போம். திட்டம் வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் நிறுத்திவிடலாம். பொருத்திய போர்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

தொழில்நுட்பத்தையும் விட்டுவிடவில்லை. பிரதம் புக்ஸ் நடத்தும் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக, படத்தோடு, இலவசமாக இருக்கின்றன. அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலையில் வந்திருக்கின்றன. உங்கள் வீட்டு அலமாரியில் தூங்கும் பழைய டேப்லெட், போன் இருந்தால் கொடுங்கள். சிம் வேண்டாம், கிளப் ஹவுஸ் வைஃபை போதும். ஏ பிளாக் தம்பி அவற்றைச் சுத்தம் செய்து கதைகளை ஏற்றித் தருவார் என்று அவரைக் கேட்காமலே நம்புகிறேன்.

ஒரு ஆட்சேபம் ஏற்கெனவே வந்திருக்கிறது: வெளிப் பிள்ளைகள் உள்ளே வந்தால் பாதுகாப்பு, சத்தம், கிளப் ஹவுஸ் அழுக்காகும். நியாயமான கேள்விதான். 20 பிள்ளைக்கு மேல் எடுக்க வேண்டாம். தலைமை ஆசிரியை கொடுக்கும் பட்டியல், பெற்றோர் கையெழுத்து, வருகைப் பதிவேடு. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் யாரும் தனியே வீட்டுக்குக் கூப்பிடக் கூடாது. தரையைப் பெருக்க நானே துடைப்பத்தோடு வருகிறேன். சத்தத்துக்கு மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியாது. பிள்ளைகள் வாய்விட்டுப் படித்தால் சத்தம் வரத்தான் செய்யும்.

இஸ்திரி வண்டிப் பெண் என்ன ஆனாள் என்று பலர் கேட்டீர்கள். மூன்று மாதமாகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படிக்கிறோம். 'மழை' வந்துவிட்டது, 'மலை'யோடு குழப்பிக்கொள்வதும் குறைந்திருக்கிறது. 'காற்று', 'நாற்று' மாதிரி வரும் இடத்தில் இன்னும் நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். நான் சொல்லிக் கொடுப்பதில்லை, காத்திருக்கிறேன். போன வாரம், "தாத்தா, நீங்க சும்மா இருங்க, நானே வரேன்" என்றாள்.

அந்த பி.எட். பெண்ணோடு கூட உட்கார நாளுக்கு ஒருவர் வீதம் நாலு பேர் வேண்டும். திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி, மாலை 5.30 முதல் 7 வரை. ஆசிரியர் அனுபவம் தேவையில்லை. தமிழ் படிக்கத் தெரிந்து, போனைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் இருக்க முடிந்தால் போதும்; இரண்டாவதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை நான் எடுத்துக்கொள்கிறேன். மற்ற மூன்று நாளுக்குப் பெயர் எழுத நோட்டு அந்த மேஜை மேல் இருக்கிறது. பேனாவையும் நூல் கட்டி வைத்திருக்கிறேன், பேங்க் பழக்கம். ஓட்டெடுப்பைச் செயலாளர் நடத்தட்டும்.